குளக்கட்டும் சேர்வு இடாப்பும்

வன்னியில் ஊர் வரலாறு எழுதச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனில் தொடங்கிக் கோயில் திருவிழாவில் முடிப்பார்கள். எங்களுக்கு வரலாறு படிப்பித்த சேர் அந்த வழியால் போகவிடவில்லை. குளத்தை அளந்த பிறகுதான் கதை கேட்கலாம் என்பது வரலாற்று மன்றத்தின் சட்டம். அந்த வேலையை ஊரில் மறுபடி தொடங்க வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு இருப்பதால், அது நடந்த முறையை எழுதிவைக்கிறேன்.

அளக்க ஏற்ற காலம் ஆவணி, புரட்டாதி. ஐப்பசி மழை பிடித்தால் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். நீர் வற்றிய அலைகரையில்தான் பழைய கட்டின் மிச்சமும் துருசுக் (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு) கல்லும் உடைந்த செங்கல்லும் வெளியே கிடக்கும். ஒரு குழுவுக்கு நாலு பேர்: இருவர் 30 மீற்றர் நாடா பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் படம் வரைய. பேனை வேண்டாம், பென்சில்தான். வியர்வைக் கை பட்டால் மை கரையும். கட்டின் ஒரு தொங்கலில் தொடங்கி, ஒவ்வொரு 30 மீற்றருக்கும் முளை அடித்து, அவ்விடத்தில் கட்டின் மேலகலத்தையும் வயற்பக்க அடியிலிருந்து உயரத்தையும் குறிக்க வேண்டும். உயரம் பார்க்க மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் போதும். உள்ளே காற்றுக்குமிழி நின்றால் மட்டம் பிழைக்கும், ஆகவே முதலில் இரு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நீர் ஒன்றாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டு உயரமென்றால் படிபடியாக இறங்கி அளந்து கூட்டலாம். வளைவில் நாடாவை நேரே இழுத்தால் நீளம் குறைந்துவிடும். அங்கே ஐந்தைந்து மீற்றராகப் போவதுதான் சரி.

இந்த எண்களைத் தாளில் போட்டதும் கட்டு பேசத் தொடங்கும். ஒரே சீரான சரிவும் கல் பதித்த முகமும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கைவேலை. கட்டு ஓரிடத்தில் திடீரென்று அகன்றோ வெளியே வளைந்தோ போனால், அது பெரும்பாலும் பழைய உடைப்பை அடைத்த இடம். வெள்ளம் தோண்டிய கிடங்குக்கு மேல் கட்டாமல் சுற்றிக் கட்டியிருப்பார்கள். இரணைமடுக் குளம் 1902 இல் தொடங்கி 1920 இல் முடிந்த வேலை. வவுனிக்குளமோ பண்டைக்குளம்; பலகாலம் உடைந்து கிடந்து 1950களில் திருத்தப்பட்டது. இரண்டையும் ‘புராதன குளம்’ என்று ஒரே வரியில் எழுதும் ஒப்படைகளுக்கு நான் புள்ளி போடமாட்டேன்.

செங்கல் கிடைத்தால் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அளந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட நூலில் செங்கல்லின் அளவைக்கொண்டு காலத்தை ஊகிக்க முயன்றார். பிள்ளைகள் இங்கே வழுக்குவார்கள்: பழைய கட்டடத்தின் கல்லைப் பிடுங்கிப் புதிய சுவரில் வைப்பது எல்லாக் காலத்திலும் நடந்தது. கல்லின் வயது சுவரின் வயது அல்ல.

அடுத்தது பாடசாலைச் சேர்வு இடாப்பு, அதாவது புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பதியும் புத்தகம். சேர்ந்த ஆண்டு, முன்பு படித்த பாடசாலை, தகப்பனின் தொழில் ஆகிய மூன்று நிரல்களை மட்டும் எடுத்து ஆண்டுவாரியாக எண்ணினால் குடியேற்றம் தெரியும். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் தடம் அந்த இடாப்புகளில்தான் இருக்கும். பெயர்களைப் பிரதி எடுக்கக்கூடாது, எண்ணிக்கை போதும்.

அரச ஆவணம் தேடுவோர் மாவட்ட எல்லையில் ஏமாறுவார்கள். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல். ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

முதியவர்களிடம் போகிறபோது இரண்டு பேருக்கு மேல் போகக்கூடாது. ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. “எத்தனையாம் ஆண்டு, ஐயா?” என்று கேட்டால் வாயில் வந்த ஆண்டைச் சொல்வார்கள். “1964 மார்கழிச் சூறாவளிக்கு முந்தியா பிந்தியா?”, “கிராம சேவகர் வர முந்தி விதானையார் இருந்த காலமா?” என்று கேட்டால் பதில் இறுகும். ஊருக்குப் பொறுப்பாக இருந்த விதானை முறை 1963 இல் முடிந்து, அந்த இடத்துக்குக் கிராம சேவகர் என்ற அரச அலுவலர் வந்தார். வான் (குளத்தின் மிகைநீர் வழியும் இடம்) எந்தப் பக்கம் பாயும், தண்ணீர் குறைந்த போகத்தில் முதல் யார் வயலுக்கு, வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை யார் என்பவை நல்ல கேள்விகள். மன்னர் கதையைக் கேட்கவே வேண்டாம். நாடக மேடையில் பார்த்ததைத்தான் திருப்பிச் சொல்வார்கள், பாவம், பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல்.

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லை வாசிக்கவும் இதே கவனம் வேண்டும். கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 அன்று பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் வாசகம். கொன்றார் என்று அதில் இல்லை. ஆனாலும் அந்தத் தேதியை இறந்த நாளாகவே எழுதி வருகிறோம்.

எழுத்துள்ள கல்லில் சுண்ணக்கட்டி, எண்ணெய், பெயின்ற் எதையும் பூசக்கூடாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்தால் எழுத்து நிழலோடு எழும்பும். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி 1815 மார்ச் 2 க்கு முந்தியவை தொல்பொருள்; அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். காட்டுக்குளமென்றால் கண்ணிவெடி அகற்றிய இடமா என்று கிராம சேவகரிடம் கேட்காமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே கூடாது, வண்டில் பாதையை விட்டு இறங்கவும் விடக்கூடாது.

இடப்பெயர்வுகளில் ஊரில் அழிந்த தாள்கள் பல லண்டனிலும் ரொறன்ரோவிலும் அலுமாரிகளுக்குள் இருக்கின்றன: காணி உறுதி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணிப் பேர்மிற், கடிதம், கல்யாணப் படம். ஸ்கான் செய்து அனுப்புகிறவர்கள் 600 டிபிஐக்குக் குறையாமல், முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கோ. ஸ்ரூடியோ முத்திரையும் தேதியும் பின்னால்தான் இருக்கும். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு வையுங்கோ. ஓரங்களை வெட்டவும் வேண்டாம். மாப்பிள்ளை பெண்பிள்ளையை எங்களுக்குத் தெரியும். பின்னால் நிற்கிற துருசு எந்த ஆண்டு இருந்தது என்பதுதான் தெரியாது.