பாகனில் ஒரு நெருஞ்சி முள்

ரங்கூனிலிருந்து ராத்திரி பஸ். விடிய, பர்மாவின் பழைய கோயில் நகரமான பாகன் வந்ததும் ஆளுக்கொரு பேட்டரி பைக் எடுக்கத்தான் எண்ணம். அக்கா ஏறமாட்டேன் என்றுவிட்டார். சரி, நடந்தோம்.

அதுவும் நல்லதாகப் போயிற்று. கடலைக் காட்டு வழியே ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் பனை, நடுநடுவே செங்கல் கோபுரம். 'ராமநாதபுரம் மாதிரியே இருக்குடா' என்றார் அக்கா. அவர் ராமநாதபுரம் பார்த்ததே இல்லை, எல்லாம் தாத்தா சொன்ன கதை!

இரண்டாயிரத்துக்கு மேல் கோயில்கள் என்றால் எதைப் பார்ப்பது? நான் நட்லாங் சாங் பெருமாள் கோயிலுக்காகவே வந்தேன். பழைய மதிலுக்குள் மிஞ்சிய ஒரே இந்துக் கோயில். பக்கத்து மைன்கபா ஊரில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் 'நானாதேசி விண்ணகர்', அதாவது நானாதேசி வணிகர்களின் பெருமாள் கோயில், என்று தமிழிலேயே இருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர் பட்டினத்துக்காரர் குலசேகர நம்பி மண்டபம் கட்டி, கதவு போட்டு, விளக்கும் வைத்தாராம். கதவைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். மொய் நோட்டு எழுதும் ஜாதி அல்லவா நாம்!

எல்லாக் கோயிலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். மத்தியானச் செங்கல் தோசைக்கல். அதற்கு மேல் வாசலிலேயே குதிகாலில் நெருஞ்சி. சேப்டிபின்னால் எடுத்துவிட்ட அக்கா, 'பைக்கில் போயிருக்கலாம்' என்கிறார்.