பத்து கிலோபாஸ்கல் ஜெல்: ஆடம் எங்லரின் கேள்வியும் அதன் செய்முறையும்

ஆய்வகத்தில் செல் வளர்க்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டின் விறைப்பு ஜிகாபாஸ்கல் (ஒரு ஜிகாபாஸ்கல் பத்து லட்சம் கிலோபாஸ்கல்) கணக்கில் வரும். மூளைத் திசுவுக்கு 1 கிலோபாஸ்கலே அதிகம். இடையில் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனாலும் நரம்பு, தசை, எலும்பு என்று எந்த செல்லாக இருந்தாலும் பல பத்தாண்டுகளாக அதே தட்டில்தான் வளர்த்தார்கள். காலுக்கடியில் இருப்பது எவ்வளவு விறைப்பு என்று செல்லுக்குத் தெரியுமா? உயிரிப்பொறியியலாளர் ஆடம் எங்லரின் ஆராய்ச்சி பெரும்பாலும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், டெனிஸ் டிஷரின் ஆய்வகத்தில் இருந்தபோது 2006-ல் வெளியிட்ட கட்டுரைதான் அவர் பெயரைப் பரப்பியது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மனித ஸ்டெம் செல்கள், ஒரே ஊட்டத் திரவம், ஒரே கொலாஜன் பூச்சு. மாறியது செல்களுக்கு அடியில் இருந்த ஜெல்லின் விறைப்பு மட்டும். 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் வரை நரம்பு செல்லின் சாயல். 8 முதல் 17 வரை தசை. 25 முதல் 40 வரை எலும்பு. செல்லுக்கு இழுவிசை தரும் மயோசின் புரதத்தை முடக்கும் பிளெபிஸ்டாட்டின் என்ற மருந்தைச் சேர்த்ததும் இந்தப் பாகுபாடு காணாமல் போனது. அதாவது செல் தரையை வெறுமனே தொட்டுப் பார்க்கவில்லை. பிடித்து இழுத்துப் பார்க்கிறது.

ஜெல் அவர் கண்டுபிடிப்பு அல்ல. கொலாஜன் பூசிய பாலிஅக்ரிலமைடு தகட்டை 1997-லேயே பெல்ஹாமும் வாங்கும் காட்டிவிட்டார்கள். 2010-ல் எங்லர் தரப்பில் வந்த செய்முறைதான் இன்று பல ஆய்வகங்களின் கையேடு. அதன் போக்கு இப்படி:

ஜெல் நழுவாமல் பிடித்துக்கொள்ள முதலில் கண்ணாடியைத் தயார் செய்ய வேண்டும். 25 மி.மீ. கவர்ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் தகடு) மேல் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றி 80 டிகிரியில் வற்ற விட்டு, அமினோ சைலேனை 5 நிமிடம் பூசிக் கழுவ வேண்டும். பிறகு 0.5% குளூட்டரால்டிஹைடில் 30 நிமிடம். இங்கேதான் முதல் சறுக்கல். சைலேனைச் சரியாகக் கழுவாவிட்டால் குளூட்டரால்டிஹைடுடன் சேர்ந்து செம்பழுப்புப் படிவு விழும். அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போடுவதே மேல்.

அடுத்தது ஜெல் கலவை. 10 கிலோபாஸ்கலுக்கு 10% அக்ரிலமைடு, அதன் இழைகளைக் குறுக்கே இணைக்கும் பிஸ்-அக்ரிலமைடு (சுருக்கமாக பிஸ்) 0.1%. 1 மில்லிலிட்டர் கலவைக்கு 40% அக்ரிலமைடு 250 மைக்ரோலிட்டர், 2% பிஸ் 50 மைக்ரோலிட்டர், மீதி பஃபர். 40 கிலோபாஸ்கல் பக்கம் போக 8%, 0.48%: அப்போது 200-ம் 240-ம். வெற்றிடத்தில் 15 நிமிடம் காற்றை நீக்குவதைச் சோம்பலில் தவிர்ப்பவர்கள் உண்டு. ஆக்சிஜன் ஜெல் இறுகுவதைத் தடுக்கும்; ஓரங்கள் இளகி நிற்கும், விறைப்பும் தட்டுக்குத் தட்டு மாறும். பிறகு ஜெல்லை இறுக வைக்க 10% அம்மோனியம் பெர்சல்ஃபேட் 10 மைக்ரோலிட்டர், டெமெட் 1 மைக்ரோலிட்டர். கலந்ததும் 25 மைக்ரோலிட்டர் விட்டு, ஜெல் ஒட்டாதபடி வேறு வகை சைலேன் (குளோரோசைலேன்) பூசிய இன்னொரு கண்ணாடியால் மூட வேண்டும். இந்த அளவுக்குத் தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் வரும். சிக்கனம் பார்த்து சில மைக்ரோமீட்டருக்கு இறக்கினால் செல் அடியிலிருக்கும் கண்ணாடியை உணர்ந்துவிடும். மென்மையான ஜெல் என்று எழுதி வைத்த தட்டில், விறைத்த தளத்தில் இருப்பதுபோல் செல் வளரும். அக்ரிலமைடு நரம்பு நஞ்சு என்பதால் கையுறை கட்டாயம். இறுகாத மிச்சம் செல்லையும் கொல்லும், ஜெல்லை நன்றாக அலச வேண்டும்.

பாலிஅக்ரிலமைடில் புரதம் தானாக ஒட்டாது. புரதத்தை ஜெல்லோடு இணைக்கும் சல்ஃபோ-சான்பா என்ற ஒளியுணர் வேதிப்பொருளை 0.2 மில்லிகிராம்/மில்லிலிட்டர் அளவில் ஊற்றி 365 நானோமீட்டர் ஒளியில் 10 நிமிடம் வைத்தால் ஆரஞ்சு நிறம் பழுப்பாகும். உடனே கழுவி கொலாஜன் ஊற்ற வேண்டும். சல்ஃபோ-சான்பா தண்ணீரில் வேகமாகச் சிதையும். காலையில் கரைத்து மாலையில் ஊற்றினால் புரதம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். 1 கிலோபாஸ்கலுக்குக் கீழே உள்ள ஜெல் இளநுங்கு மாதிரி தளதளக்கும். மேல் கண்ணாடியைப் பஃபருக்குள் வைத்தே ஓரத்திலிருந்து மெல்லக் கிளப்பாவிட்டால் கிழிந்துவிடும். விறைப்பை அளப்பது ஜெல் ஊறி உப்பிய பிறகுதான்; கலவை விகிதத்தை மட்டும் பார்த்து எண் எழுதுவதை நான் நம்புவதில்லை.

2012-ல் வேறொரு குழு எதிர்க்கேள்வி போட்டது. மென்மையான ஜெல்லில் துளைகள் பெரிது, கொலாஜன் பிடிமானங்கள் இடைவெளி விட்டு நிற்கும்; செல் உணர்வது விறைப்பையா, இந்தத் தளர்ந்த பிடிமானத்தையா? நியாயமான கேள்வி. 2014-ல் எங்லர் குழு பதில் சொன்னது: விறைப்பை மாற்றாமல் அக்ரிலமைடு-பிஸ் விகிதத்தை மட்டும் மாற்றித் துளை அளவை மாற்றினார்கள், சல்ஃபோ-சான்பா அளவைக் கூட்டிக் குறைத்துப் பிடிமானத்தை மாற்றினார்கள். செல்லின் போக்கு விறைப்பின் பின்னால்தான் போனது. விவாதம் இதோடு முடிந்துவிடவில்லை என்றாலும் இரண்டையும் பிரித்துச் சோதித்த விதம் அழகு.

எங்லர் 2008 முதல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உயிரிப்பொறியியல் துறை. அந்த ஆண்டே, கருநிலை இதயத்தசை செல்கள் இதயத்தின் விறைப்புள்ள ஜெல்லில் நன்றாகத் துடிக்கின்றன, தழும்பு அளவு விறைத்த தளத்தில் துடிப்பு நின்றுபோகிறது என்று காட்டினார்கள். கோழிக்கருவின் இதயம் வளரும்போது 0.9-லிருந்து 8.2 கிலோபாஸ்கல் வரை இறுகுகிறது. 2011-ல் அதே வேகத்தில் தானாக இறுகும் ஹையலுரானிக் அமில ஜெல்லையும் செய்தார்கள்.

செல் தளத்தில் ஒட்டும் வலிமையை அளக்க எங்லர் குழுவினர் கையாளும் கருவி சுழல்தட்டு. செல் ஒட்டிய கவர்ஸ்லிப்பைத் திரவத்துக்குள் சுழற்றினால் மையத்தில் உராய்வு விசை பூஜ்யம், ஓரத்துக்குப் போகப்போக ஏறும். அதன் அளவு 0.8 × ஆரம் × √(அடர்த்தி × பாகுநிலை × கோணவேகத்தின் மும்மடி). தண்ணீர் போன்ற திரவத்தில் நிமிடத்துக்கு 2000 சுற்று, மையத்திலிருந்து 10 மி.மீ. என்றால் சுமார் 24 பாஸ்கல். ஒரே கண்ணாடியில் விசைகளின் முழு வரிசையும் கிடைப்பதால், பாதி செல்கள் கழன்ற ஆரத்தைக் கண்டுபிடித்தால் போதும். செல்களை நெருக்கமாக விதைத்திருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படலமாக உரியும். அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

எந்தத் திரவத்தில் சுழற்றுகிறோம் என்பதும் முக்கியம். செல் தளத்தைப் பற்ற உதவும் இன்டக்ரின் புரதத்தின் பிடிப்புக்கு மெக்னீசியமும் கால்சியமும் வேண்டும். கட்டியைச் சுற்றிய திசுவில் இருப்பதுபோல் இவற்றைக் குறைத்தபோதுதான், பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்று செல்களில் தளர்வாக ஒட்டியவை தனியாகத் தெரிந்தன. வேகமாக நகர்ந்தவையும் அவைதான். இந்த இரண்டு அயனியும் தாராளமாக உள்ள ஊட்டத் திரவத்திலேயே சுழற்றினால் அந்த வித்தியாசம் கண்ணில் படாது.