பஃபரில் ஒன்றாம் இடம்

ஜூன் 12
மேட்டூர் திறந்துவிட்டார்கள். அப்பா கண் திறக்காமலே, "நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்?" என்றார்.

ஜூன் 13
வாய்க்கால் நீர்மட்டம் அளக்கும் என் கருவி மறுபடி நின்றுவிட்டது. லேப்டாப்பில் ஓடும் அதே கோட், கருவியின் போர்டில் சென்சாரின் பாக்கெட் (ஒரு தகவல் கட்டு) வந்ததுமே ஹார்ட்ஃபால்ட்: பிழை என்று பிராசசர் நின்றுவிடுகிறது.

ஜூன் 14
வார்டு வராந்தா, இரவு 2 மணி. பிடிபட்டுவிட்டது. பாக்கெட் 7 பைட்: முதல் பைட் வகை, அடுத்த 4 நேரம், கடைசி 2 நீர்மட்டம். நேரத்தை எடுக்க, பஃபரின் (பாக்கெட் வந்து விழும் நினைவகப் பகுதி) ஒன்றாம் இடத்தை, எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் இரண்டாவது பைட்டை, அப்படியே 32 பிட் எண்ணின் பாயின்டராகக் காஸ்ட் செய்திருக்கிறேன், அதாவது அந்த முகவரியில் 4 பைட் எண் இருப்பதாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். பஃபர் தொடங்கும் முகவரி 4-ஆல் வகுபடும். அதற்கு அடுத்தது வகுபடாது. அங்கிருந்து 4 பைட் எண்ணைப் படித்தால் லேப்டாப்பின் இன்டெல் பிராசசர் பொறுத்துக்கொள்கிறது, போர்டின் கார்டெக்ஸ் எம்0 பொறுக்காது. யுபிசான் (இப்படிப்பட்ட தவறுகளை ஓடும்போதே பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டு ஓட்டியிருந்தால் லேப்டாப்பிலேயே காட்டிக் கொடுத்திருக்கும்.

அலைன்மென்ட், அதாவது முகவரி வகுபடுவது, மட்டுமா சிக்கல்? நினைவகத்தில் உள்ள எந்தப் பொருளையும் கேரக்டர் பாயின்டர் வழியாகப் பைட் பைட்டாகப் பார்க்கலாம். பைட் வரிசையை எண்ணாகப் பார்க்க சி மொழியில் அனுமதி இல்லை. அந்த விதியை நம்பித்தான் கம்பைலர் ஆப்டிமைஸ் செய்கிறது. தனியாக ஒரு எண் வைத்து, மெம்காப்பியால் (பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்) 4 பைட்டை அதில் எடுத்தேன். வீண் செலவோ என்று கம்பைலர் தந்த அசெம்பிளியைப் பார்த்தால், லேப்டாப்பில் ஒரே ஒரு லோட் (நினைவகத்திலிருந்து படிக்கும் கட்டளை).

ஜூன் 15
டாக்டர் இன்னும் வரவில்லை.

ஜூன் 17
நிற்காமல் ஓடுகிறது. தம்பி வீட்டு டிரம்மில் 300 மி.மீ. தண்ணீர் வைத்துப் பார்த்தான். திரையில் 11265. அப்பாவிடம் காட்டினேன். "பதினோரு மீட்டரா? நம்ம மதகே ஆறடிதானடா." 300 என்பது ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 01 2சி. சென்சார் பெரிய பைட்டை முதலில் அனுப்புகிறது. போர்டு 2சி 01 என்று புரிந்துகொள்கிறது. இனி மட்டத்தின் முதல் பைட்டை 8 பிட் நகர்த்தி, அடுத்ததை அதோடு சேர்த்துவிடுவேன். எந்த பிராசசரிலும் ஒரே விடைதான்.

ஜூன் 18
சென்சாரைத் தம்பி மதகில் மாட்டினான். மட்டம் 44! அப்பாவை எழுப்பி, தண்ணி வந்துடுச்சுப்பா என்றேன். சிரித்தார். பத்து நிமிஷத்தில் தம்பி போன்: "அண்ணே, வாய்க்கால் காஞ்சு கிடக்கு."

வந்தது 6 பைட்தான். ஏழாவது, டிரம்மின் 300 விட்டுப்போன மிச்சம்: 2சி, அதாவது 44. எத்தனை பைட் வந்தது என்று பார்க்காமலே படித்திருக்கிறேன். 11265 என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். 44-ஐ நம்பிவிட்டேனே. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 20
நீளம் சரிபார்க்காமல் இனி ஒரு பைட்டையும் தொடமாட்டேன். நாளை ஆபரேஷன். மட்டம் 0.

ஜூன் 21
காலை 5.10. மட்டம் 38. பாக்கெட் 7 பைட், எண்ணிப் பார்த்துவிட்டேன். தம்பியை டார்ச்சோடு மதகுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்பாவை ஆறு மணிக்குக் கூட்டிப் போவார்கள்.