வெற்றியை மட்டும் எண்ணாதேங்கோ

கிளிநொச்சித் தேத்தண்ணிக்கடையில இலங்கை டெஸ்ட் கிரிக்கெட் அணித் தலைமை பற்றிக் கதை வந்தால், அர்ஜுன ரணதுங்க தலைவராயிருந்த 56 போட்டியில 12 தான் வென்றவர் எண்டு தொடங்குவினம். 25 போட்டியைச் சமப்படுத்தினதை ஒருத்தரும் சொல்லுறேல்லை. தலைவராச் சனத் ஜயசூரியவுக்கும் மஹேல ஜயவர்தனவுக்கும் அச்சொட்டா ஒரே கணக்கு: 38 போட்டி, 18 வெற்றி, 12 தோல்வி. இரண்டு பேருக்கும் சுழல்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் பந்து போட்டவர், அதையும் சேர்த்துத்தான் நிறுக்கோணும்.

என்ர தெரிவு திமுத் கருணாரத்ன. 2019இல அவற்ர தலைமையில தென்னாபிரிக்காவில 2-0 எண்டு தொடர் வெற்றி. அதுக்கு முன்னம் எந்த ஆசிய அணியும் அங்க தொடர் வென்றதில்லை. டர்பனில இலக்கு 304. கடைசி விக்கெட்டுக்கு 78 ஓட்டம் சேர்த்து வென்றவை. குசல் பெரேரா 153 அடிக்க, மற்றப் பக்கத்தில பதினோராவதா ஆட வந்த விஸ்வா பெர்னாண்டோ 27 பந்தை மறிச்சு நின்றார். அணிக்குப் பதினோராவது ஆளைத் தெரிவு செய்யேக்கை இந்தத் தடுப்பாட்டத்தையும் பாக்கோணும்.