சேர்வராயனுக்குக் கட்டிய மணி

எங்கள் வீட்டு நேர்த்திக்கடன் கணக்கு முழுக்க அத்தையின் மனதில்தான் இருக்கிறது. யாருக்குக் காய்ச்சல் வந்தபோது எந்தச் சாமியிடம் என்ன சொன்னோம் என்பதை ஒருநாளும் மறக்க மாட்டார். எங்கள் சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் பொங்கல் வைத்தாயிற்று. பாக்கி நின்றது ஏற்காட்டு மலை உச்சியில் இருக்கும் சேர்வராயனுக்குத்தான். மூன்று வயது முடிந்தும் என் பையன் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் நாங்கள் கலங்கிக் கிடந்தபோது, "என் பேரன் பேசட்டும் சாமி, உன் வாசல்ல மணி கட்டுறேன்" என்று வேண்டிக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்கும் விடாமல் அழைத்துப் போனோம், அதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது அவன் தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுகிறான்.

சின்னக்கடை வீதியில் வெண்கல மணி வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஞாயிறு வேண்டாம் என்று நான் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரருக்கு லீவு அன்றுதானே, என்ன செய்வது? கோரிமேடு தாண்டி அடிவாரம் வருவதற்குள்ளேயே வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது, பையன் ஒவ்வொன்றையும் கத்திக் கத்திப் படித்தான். பாதி மலை ஏறியதும் குமட்டிக்கொண்டு வந்து, வண்டியை ஓரம் கட்ட இடமில்லாமல், என் புடவை முந்தானை போயிற்று. எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, தண்ணீர் காட்டி உட்கார வைத்தால், பின்னால் வந்த வேன்காரர் விடாமல் ஹாரன். குழந்தை வாந்தி எடுக்கிறது என்று தெரிந்தும் அடிக்கிறாரே! கீழே வெள்ளைக்கல் சுரங்கங்கள் சுண்ணாம்பு கொட்டியதுபோல் தெரிந்தன. அதைக் காட்டித்தான் அவனைச் சமாதானப்படுத்தினேன்.

ஏரிப் பக்கம் வண்டி நின்றதும் ஊர் சுற்றிக் காட்டும் வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏழு பாயிண்டா, ஒன்பது பாயிண்டாங்க?" நாங்கள் சாமி கும்பிட வந்தோம் என்றால், கோயிலும் ஒரு பாயிண்ட்தானாம். சொந்த வண்டி இருக்கிறது என்ற பிறகும் ஒருவர் ஜன்னலை விடவில்லை. அத்தை மணியை அவிழ்த்துக் காட்டி, "வேண்டுதல் கண்ணு, வழியை விடு" என்றதும் அவரே கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்தார். அதற்கு மேல் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கிருந்து மேலே போகிற ரோடு அழகு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காப்பிச்செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி என்று எங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. உச்சி 5,300 அடிக்கு மேல். செம்மண்ணும் புல்லுமாக வெட்டவெளி, நிற்க விடாத காற்று.

கோயில் என்பது குகைதான். வாசலில் ரீல்ஸ் எடுக்கும் கூட்டம். ஒரு பெண் உள்ளே போவதும் வருவதுமாக ஒரே நடையைத் திரும்பத் திரும்ப நடந்து காட்டினாள், நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம். இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் குலசாமி குடியிருக்கும் இடம், இவர்களுக்கு அது வெறும் பின்னணி. சரி, விடுங்கள்.

குனிந்துதான் போக வேண்டும். முழங்கால் வலிக்காரரான அத்தை என் தோளைப் பிடித்தபடி வந்தார். உள்ளே போனதும் காற்றுச் சத்தம் நின்று, ஈரமும் கற்பூர வாசனையும் மட்டும். விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயன், கூடவே காவேரியம்மன். பூசாரி தீபம் காட்டினார். "சாமிகிட்ட பேர் சொல்லு சாமி" என்றார் அத்தை. பையன் அப்பா பேரையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னான். சொல்லிவிட்டு, கொஞ்சம் முன்னால் போய், "உன் பேரு என்ன?" என்று கேட்டான்.

எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. எத்தனை ராத்திரி இவன் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்! அம்மா என்று ஒரு தடவை சொல்ல மாட்டானா என்று ஏங்கியவள் நான். அவன் இங்கே சாமியையே பேர் கேட்கிறான். பூசாரி சிரிக்கவில்லை. தட்டைப் பிடித்தபடியே, "சேர்வராயன். பக்கத்துல காவேரியம்மா" என்று சாமிக்காக அவரே பதில் சொன்னார். "சேவராயன்" என்றான் இவன். அப்பனே, உனக்கு என்ன கொடுத்தாலும் தீராது. அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், எழுப்ப மனம் வரவில்லை. அர்ச்சனை நடந்தது, திருநீறு கொடுத்தார்கள், மற்றதெல்லாம் எனக்கு நினைவில்லை. மணியை வெளியே எங்கள் வீட்டுக்காரர்தான் கட்டினார், பையன் இழுத்து இழுத்து அடித்தான்.

அப்புறம் லேடிஸ் சீட் என்ற காட்சிமுனைக்குப் போனோம். மேட்டூர் அணை தெரியும் என்றார்கள், பனிமூட்டம்தான் தெரிந்தது. மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது. நெரிசலுக்குப் பயந்து குப்பனூர் வழியாக இறங்கினோம்.

வழியில்தான் தெரிந்தது, நாங்கள் மணி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை பூசாரியிடம் மே மாதத் திருவிழாவைப் பற்றி விசாரித்துவிட்டார் என்று. நாத்தனாருக்கு வரன் அமைய வேண்டும் என்று அடுத்த வேண்டுதலும் வைத்தாயிற்று. "மே மாசக் கூட்டத்துல இந்த மலையா?" என்று இவர் முனகினார். அத்தை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.