ஹார்ட் டிஸ்க் வந்தது, பிளக்இன் வரவில்லை

தண்டையார்பேட்டையில் மூடிவிட்ட ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து, ஒரு கானா ஆல்பத்துக்காகக் கியூபேஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் செய்த புராஜெக்ட்கள் மொத்தமும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தன. வேலை சின்னதுதான். சில பாட்டில் சரணத்தை மாற்றிப் பாட வேண்டும், மற்றதற்கு மிக்ஸில் குரலைக் கொஞ்சம் தூக்க வேண்டும். "அந்த சவுண்டு மட்டும் மாறக் கூடாதுண்ணா" என்பது பாடகரின் ஒரே நிபந்தனை. முதல் பாட்டைத் திறந்ததுமே காணாமல் போன பிளக்இன்களின் (கியூபேஸுக்குள் ஓடும் சவுண்டு, எஃபெக்ட் சாஃப்ட்வேர்கள்) பட்டியல் திரையை நிறைத்தது. டிஸ்க்கைக் கொடுத்தவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் பிளக்இன் பெயரையும் வெர்ஷனையும் எழுதி வைத்திருந்தால் இதில் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இதே நிலையில் மாட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பட்டியல் வந்தவுடன் அதை போனில் படம் எடுங்கள். கியூபேஸ் பெயரை மட்டும்தான் சொல்லும், அந்தப் பெட்டியை மூடிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு சேனலாகத் திறந்துதான் தேட வேண்டும். படம் எடுத்ததும் சேவ் செய்யாமல் வெளியே வந்து, முழு ஃபோல்டரையும் வேறொரு டிரைவுக்கு நகல் எடுங்கள். நகலில்தான் வேலை, அதுவும் புதுப் பெயரில் சேவ் செய்து. ரீப்பர் மாதிரி சில சாஃப்ட்வேர்கள், பிளக்இன் இல்லாவிட்டாலும் அதன் செட்டிங்கைப் புராஜெக்ட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கும். அதை நம்பி எல்லாவற்றிலும் சேவ் பட்டனைத் தட்டுவது ஆபத்து. காலியான இடத்தில் அவசரத்துக்கு வேறு பிளக்இனைப் போட்டு சேவ் செய்துவிட்டால், பழைய செட்டிங் போனது போனதுதான்.

அடுத்து பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும். இங்கேதான் பலரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். காணாமல் போனது பிளக்இன் என்று நினைத்து ஒவ்வொன்றாக மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். பெரும்பாலும் ஃபைல் அங்கேயேதான் இருக்கும், சாஃப்ட்வேரின் கண்ணுக்குத்தான் படாது. ஒரே கம்பெனியின் இருபது முப்பது பிளக்இன் மொத்தமாகக் காணவில்லை என்றால் தனித்தனியாகத் தேடுவதில் அர்த்தமே இல்லை. வேவ்ஸ் பிளக்இன்கள் எல்லாம் வேவ்ஷெல் என்ற ஒரே உறைக்குள்ளிருந்துதான் கியூபேஸுக்குத் தெரியும். அந்த ஒரு ஷெல் ஃபைல் ஸ்கேனில் தப்பிவிட்டால் அத்தனையும் சேர்ந்து மறையும். புராஜெக்ட் எந்த வெர்ஷனில் செய்தது என்று பார்த்து, அந்த ஷெல் இருக்கிறதா, லைசென்ஸ் இந்தக் கணினிக்கு மாற்றியாயிற்றா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

ஒன்றிரண்டு மட்டும் காணோம் என்றால் முதலில் இடத்தைப் பாருங்கள். விண்டோஸில் விஎஸ்டி3 என்ற பிளக்இன் வகைக்கு நிரந்தர இடம் ஒன்று உண்டு: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. பழைய விஎஸ்டி2-வுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அதன் பிளக்இன் ஃபைலான டிஎல்எல் எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். இந்த ஆல்பத்தில் பாதி டிஎல்எல்கள் டி டிரைவில் யாரோ தன் பெயரில் வைத்த ஃபோல்டரில் இருந்தன. ஸ்டுடியோ மெனுவில் விஎஸ்டி பிளக்இன் மேனேஜர் போய், அந்த ஃபோல்டரை விஎஸ்டி2 பாதையில் சேர்த்து ரீஸ்கேன் செய்ததும் சிலது உடனே வந்துவிட்டன. அதே ஜன்னலில் பிளாக்லிஸ்ட் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஸ்கேனில் ஒருமுறை தடுக்கி விழுந்த பிளக்இன்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் வெளியே வராது. காரணத்தைச் சரிசெய்துவிட்டு அங்கிருந்து மீட்க வேண்டும். காரணம் பல நேரம் அற்பமானது: ஸ்கேன் ஓடும்போது ஐலாக் (லைசென்ஸ் இருக்கும் யூஎஸ்பி சாவி) சொருகாமல் இருந்திருக்கும், அல்லது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் புதுக் கணினியில் இருக்காது. புது விண்டோஸில் பிளக்இன் வரவில்லை என்றால் அந்த ரன்டைமை, 64-பிட், 32-பிட் இரண்டையும், முதலில் போட்டுவிடுங்கள்.

கிராக் பிளக்இன் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஃபைலை நகல் எடுத்த கையோடு விண்டோஸ் டிஃபெண்டர் அதைத் தூக்கிவிடும், ஃபோல்டரில் பார்த்தால் இருக்காது. அதே வெர்ஷன் மறுபடி கிடைக்காது, கிடைத்தாலும் ஸ்கேனிலேயே கியூபேஸை மூடவைக்கும். அதன் பின்னால் ஓடுவதைவிட, அந்த டிராக்கை வேறு வழியில் மீட்பதுதான் புத்திசாலித்தனம். வழியைக் கீழே சொல்கிறேன்.

உண்மையான தலைவலி 32-பிட் என்ற பழைய ரக பிளக்இன். கியூபேஸ் 9 வந்தது 2016 டிசம்பரில், அதிலிருந்து 32-பிட் பிளக்இனுக்கு அங்கே இடமில்லை. ஏபிள்டன் லைவ் 10 முதல் அங்கும் அதே கதை. மேக்கில் 2019-இன் கேடலினாவோடு முடிந்தது. இந்த ஆல்பத்தின் பேஸ் சவுண்டும் ஒரு லீடும், இன்று செய்தவர்களே கைவிட்ட இலவச 32-பிட் சின்த்களில் (ஒலியை உருவாக்கும் பிளக்இன்கள்) இருந்தன. ஒரு டிஎல்எல் எந்த ரகம் என்று தெரியவில்லையா? நோட்பேடில் திறந்து ஆரம்பப் பகுதியில் பிஇ (PE) என்ற இரண்டு ஆங்கில எழுத்தைத் தேடுங்கள். அதன் பின்னால் பெரிய எல் (L) வந்தால் 32-பிட், சின்ன டி (d) வந்தால் 64-பிட். 32-பிட் என்றால் ஜேபிரிட்ஜ் என்ற இணைப்பு சாஃப்ட்வேரை வாங்கி இடையில் வைக்கலாம், ஆனால் கனமான புராஜெக்ட்டில் அடிக்கடி தொங்குகிறது. என் பரிந்துரை ரீப்பர்தான். 64-பிட் ரீப்பர் 32-பிட் பிளக்இனைத் தனியாக ஓட்டிக்கொள்ளும். கியூபேஸிலிருந்து அந்த டிராக்கின் மிடியை (எந்த நோட், எப்போது என்ற குறிப்பு) ஏற்றுமதி செய்து, ரீப்பரில் டெம்போவை அதே எண்ணுக்கு வைத்து, சின்த்தை ஏற்றி, வேவ் ஃபைலாக ரெண்டர் செய்து கொண்டுவாருங்கள்.

ஆனால் செட்டிங் வேண்டுமே. அது புராஜெக்ட்டுக்குள் இருந்தாலும், அந்த பிளக்இன் ஓடும் பழைய கணினியில்தான் திறந்து எடுக்க முடியும். பழைய கணினி உயிரோடு இருந்தால் பிளக்இனைத் தேடவே தேவையில்லை, அங்கேயே ஒவ்வொரு டிராக்கையும் வேவாக எடுத்துவிடலாம். அதை நம்பிக் கிளம்பியதுதான் வீண் பயணமாக முடிந்தது. விண்டோஸ் 7 கணினி ஆன் ஆனது, கியூபேஸ் ஆகவில்லை. அந்தக் காலத்து கியூபேஸுக்கு ஈலைசென்சர் யூஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸ் சாவி) வேண்டும். ஸ்டுடியோ நடத்தியவர் அதை வேறு ஊருக்கு எடுத்துப் போயிருந்தார், முன்னாலேயே கேட்டபோது "எல்லாம் அங்கியே கீதுப்பா" என்றார்கள். ஆகவே கிளம்புவதற்கு முன் டாங்கிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது. ஈலைசென்சர் சேவையை ஸ்டெயின்பெர்க் 2025-இல் நிறுத்திவிட்டது. கையில் உள்ள டாங்கிள் ஓடும், தொலைந்தால் அந்த லைசென்ஸை மீட்க வழியில்லை. அதனால் டாங்கிள் கிடைக்கும் அன்றே வேலையை முடித்துவிட வேண்டும்.

டாங்கிள் கிடைத்த பிறகு அங்கே செய்ய வேண்டியது: ஆடியோ மிக்ஸ்டவுன் ஜன்னலில் எல்லா சேனலையும் டிக் செய்து மொத்தமாக ஏற்றுமதி. ஏற்றுமதி தொடங்கும் இடமான லெஃப்ட் லொக்கேட்டர் கட்டாயம் முதல் பாரில், முடியும் இடமான ரைட் லொக்கேட்டர் பாட்டு முடிந்து நாலைந்து பார் தள்ளி, இல்லையேல் ரிவெர்ப் வால் அறுந்துபோகும். புராஜெக்ட் என்ன சாம்பிள் ரேட்டோ அதுவே, 44.1 என்றால் 44.1, 48 என்றால் 48. 24-பிட். மாஸ்டரில் உள்ள லிமிட்டரை அணைத்துவிடுங்கள். குரல் சேனல்களை மட்டும் இரண்டு விதமாக எடுங்கள்: இன்சர்ட்டோடு (சேனலில் மாட்டிய எஃபெக்ட்களோடு) ஒன்று, இன்சர்ட் இல்லாமல் ஒன்று. புதுச் சரணத்தைப் பாடும்போது பழைய குரலோடு ஒப்பிட இரண்டும் தேவைப்படும். ஃப்ரீஸ் செய்து (டிராக்கைத் தற்காலிக ஆடியோவாக்கி) கொண்டுவந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது அந்த சாஃப்ட்வேரின் ஃப்ரீஸ் ஃபோல்டரை நம்பி நிற்பது, ரெண்டர் செய்த வேவ் எங்கும் திறக்கும். பிளக்இன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து போனில் படம் எடுத்தேன். பிரீசெட் ஏற்றுமதி கைகொடுக்காத இடங்களில் அந்தப் படங்கள்தான் காப்பாற்றின.

பதிவு செய்த ஒலிகளை (சாம்பிள்) வாசிக்கும் பிளக்இனான காண்டாக்ட்டில் இரண்டு சிக்கல். புராஜெக்ட் காண்டாக்ட் 5-ஐத் தேடும், புதுக் கணினியில் 7 இருந்தாலும் அதை ஏற்காது, சாஃப்ட்வேருக்கு அவை இரண்டும் வேறு வேறு பிளக்இன். பழைய கணினியில் மல்ட்டியாக (ஏற்றிய இன்ஸ்ட்ருமென்ட்கள் எல்லாம் சேர்ந்த ஒரே ஃபைல்) சேவ் செய்து அதை 7-இல் திறந்தால் சரியாக வருகிறது. எதிர்த்திசையில் வராது. இரண்டாவது சாம்பிள். சட்டி, டோலக் எல்லாம் அந்த ஸ்டுடியோவே அடித்துப் பதிவு செய்தவை, பணம் கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காது. டிஸ்க்கில் ஃபோல்டர் இருந்தும் காண்டாக்ட் கண்டுபிடிக்கவில்லை. பழைய கணினியில் அது ஈ டிரைவ், இங்கே ஜி டிரைவ் என்பதுதான் காரணம். ஒவ்வொரு இன்ஸ்ட்ருமென்ட்டுக்கும் பாதை காட்டிக்கொண்டிருக்காமல், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவ் எழுத்தை ஈ என்று மாற்றினால் எல்லாம் ஒரே நொடியில் திறந்தன. அதன் பிறகு பேட்ச்சையும் சாம்பிளையும் சேர்த்து சேவ் செய்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு கம்பெனியின் உதவிப் பிரிவோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. என்ன எழுதினாலும் "அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்" என்ற அதே பதில். விண்டோஸ் வெர்ஷன், கியூபேஸ் வெர்ஷன், பிளக்இன் வெர்ஷன், வாங்கிய ரசீது, பிழைச் செய்தியின் படம் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அடுக்கி, எதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று என்றும் எழுதியபிறகுதான் ஒரு மனிதர் பதில் போட்டார். லைசென்ஸ் எந்த மெயில் முகவரியில் பதிந்ததோ அவர்தான் அதை மாற்றித் தர முடியும் என்றார். ஹார்ட் டிஸ்க் கைமாறினால் லைசென்ஸும் கைமாறியதாக ஆகாது. டிஸ்க்கை வாங்கும்போதே அந்தக் கணக்கு யார் பெயரில் என்று கேட்டு வையுங்கள். இன்னொன்று: ஐலாக்கை கிளவுடில் ஓட்டுகிறவர்கள் வைஃபை ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் கணினி ஓடிக்கொண்டிருந்தாலும் லைசென்ஸ் தொடர்பு அறுந்துவிடும்.

எங்கும் கிடைக்காமல் போனது குரலில் இருந்த டிலே என்ற எதிரொலி எஃபெக்ட். போட்டோவிலும் இல்லை, பழைய கணினியிலேயே அந்த பிளக்இன் செத்துக் கிடந்தது. ஆனால் முடிந்த பாட்டின் வேவ் கையில் இருந்தது. தாள அடி அனுபல்லவியில் நிற்கிற இடத்தில் குரல் ஒரு சொல்லோடு முடிந்து, எக்கோ மட்டும் தனியாகக் கேட்கும். அந்த இடத்தைப் பெரிதாக்கி, சொல்லின் கடைசி மெய்யெழுத்து தெறிக்கும் முனையிலிருந்து அதன் எதிரொலி முனை வரை அளந்தால் ஏறத்தாழ 469 மில்லிசெகண்ட். டெம்போ 96. 60,000-ஐ 96-ஆல் வகுத்தால் ஒரு பீட் 625, அதில் முக்கால் 468.75. அதாவது டாட்டட் எய்ட்த். ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட 6 டெசிபல் குறைந்திருந்தது, அப்படியானால் ஃபீட்பேக் (எதிரொலி திரும்ப உள்ளே போகும் அளவு) 50 சதவீதம். கியூபேஸின் சொந்த டிலேயில் இந்த இரண்டு எண்ணைப் போட்டு, மேல் ஃப்ரீக்வென்சியைக் கொஞ்சம் வெட்டியதும் வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாகப் பொருந்தியபோது கிடைத்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

சரியாக வந்ததா என்று காதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வேவையும் புது ரெண்டரையும் சாம்பிள் பிசகாமல் ஒன்றாக அடுக்கி, ஒன்றின் ஃபேஸைத் திருப்புங்கள் (அதன் ஒலி அலையைத் தலைகீழாக்குங்கள்). ஒரே மாதிரி இருப்பவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மிஞ்சிக் கேட்பதுதான் வித்தியாசம். பழைய மாஸ்டரில் லிமிட்டர் இருந்தால் முழு அமைதி வராது, ஆனாலும் எந்த டிராக் விலகுகிறது என்று காட்டிக்கொடுக்கும். எம்பி3-ஐ வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

கடைசிவரை பிடிவாதம் பிடித்தது ஒரு பாட்டின் பேஸ். சின்த் ரீப்பரில் ஓடியது, பிரீசெட் இல்லை. பாடகரின் பென் டிரைவில் கச்சேரிக்கு வைத்திருந்த குரல் இல்லாத டிராக் வேவாகவே கிடைத்தது. அதில் சட்டி நுழைவதற்கு முன் இரண்டு பார் பேஸ் தனியாக வருகிறது. நீளமான ஒரு நோட்டை வெட்டி, கியூபேஸின் சாம்ப்ளர் டிராக்கில் இழுத்துப் போட்டு, ரூட் கீயை (வெட்டிய நோட்டின் சொந்த சுருதி) சரியாக வைத்து, பழைய மிடியை அதன் மேல் ஓட்டினேன். ரூட்டிலிருந்து மேலும் கீழும் நாலு செமிடோன் வரை ஒலி அப்படியே நிற்கிறது. அதைத் தாண்டினால் நோட்டின் தொடக்க அடி (அட்டாக்) நீளம் மாறிக் குழைகிறது, அங்கே இரண்டாவது பாரிலிருந்து இன்னொரு நோட்டை வெட்டித் தனி டிராக்காகப் போட வேண்டும்.