தோல் சீவிய கொய்யா

பழனி பேருந்து நிலையத்தில் ஒரு அம்மா, மகனுக்கு வாங்கிய ஆயக்குடி கொய்யாவைத் தோல் சீவித் தரச் சொன்னார்.

விற்கிற பாட்டி கத்தியை நிறுத்தி, "ஏங்கண்ணு, தோல்லதான சத்தே இருக்குது?" என்றார்.

அந்த அம்மா கேட்கவில்லை. பச்சைத் தோல் சுருள் சுருளாகக் கூடைக்குள் விழுந்தது.

பாட்டி சொன்னது சரிதான். கொய்யாவில் வைட்டமின் சி தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் அதிகம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சில் 50 சொச்சம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 80 இருந்தாலே போதும்.

அப்புறம், கீரையோ கம்போ சாப்பிட்ட கையோடு நாலு துண்டு கொய்யா தின்றால் அவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நாமோ சாப்பிட்டதும் டீ தேடுகிறோம். அது இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும்.

இத்தனைக்கும் கொய்யா நம்ம ஊர்ப் பழமே இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளில் பிறந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் இங்கே வந்தது. மேலே தூவுகிற மிளகாய்ப்பொடிக்கும் அதே பூர்வீகம்தான்!

விதை பல்லில் மாட்டும் என்பவர்களோடு மட்டும் நான் வாதாடுவதில்லை.